கள்ளும் மாம்பழமும் அறிந்தவர்கள் கலங்கல் டபுள் ஐபிஏவை மதிப்பிடும் முறை

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஊர்களில் தமிழ் பேசி வாழும் எங்களுக்குக் கள்ளின் தரத்தை அறிய யாரும் பாடம் எடுத்ததில்லை. விடியற்காலையில் இறக்கிய இளங்கள்ளையும் மாலைவரை நின்று புளித்த மூத்த கள்ளையும் மூக்கே பிரித்துச் சொல்லிவிடும். தெற்கே முதலமடை மாந்தோப்புகளில் காய் பறிக்கும் காலம் வந்தால், செந்தூரமா பங்கனப்பள்ளியா என்பதைக் கூடையைத் திறக்கும் முன்பே சொல்லக்கூடியவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். இந்தப் பழக்கம் உள்ளவருக்கு, கலங்கலான, ஹாப்ஸ் மணம் தூக்கலான டபுள் ஐபிஏ (இந்தியா பேல் ஏல் என்ற வகையின் சாராயச் சத்து கூடிய வடிவம்) என்னும் பீரை மதிப்பிடத் தேவையான பயிற்சியில் பாதி ஏற்கனவே முடிந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பீரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஹாப்ஸ் என்பது கஞ்சாவின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் பெண்பூ. அதைக் கொதிக்கும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றில் நெடுநேரம் வேகவிட்டால் கசப்பு இறங்கும். கொதி அடங்கிய பிறகோ, புளிக்கும் தொட்டியிலோ போட்டால் கசப்பு மிகக் குறைவாகவும் மணம் மிக அதிகமாகவும் இறங்கும். இந்த இரண்டாவது வழியை எல்லைவரை கொண்டுபோனதுதான் அமெரிக்காவின் வடகிழக்கில் பிறந்த கலங்கல் ஐபிஏ. வெர்மான்ட் மாநிலத்து வாட்டர்பரி ஊரில் ஜான் கிம்மிச் நடத்திய தி ஆல்கெமிஸ்ட் என்ற மதுக்கூடத்தின் 8 சதவீத ஆல்கஹால் கொண்ட ஹெடி டாப்பர் என்ற பீர் இதற்கு முன்னோடி. 2011இல் புயல் வெள்ளம் அந்த மதுக்கூடத்தை அழித்த அதே காலத்தில்தான் அந்த பீர் கேன்களில் வெளிவரத் தொடங்கியது. அமெரிக்காவின் புரூவர்ஸ் அசோசியேஷன் இந்த வகையைத் தன் பட்டியலில் தனியாகச் சேர்த்தது 2018இல். ஓட்ஸும் கோதுமையும் தரும் புரதம், ஹாப்ஸ் தரும் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்களோடு கூடிக் கலங்கலை உண்டாக்குகிறது. அந்தக் கலங்கல் பழுதும் இல்லை. அது மட்டுமே தரத்துக்குச் சான்றும் ஆகாது.

நம் கடைகளில் 'ஸ்ட்ராங்' என்று கேட்டு வாங்கும் பீரை மனதில் வைத்துக்கொண்டு இதை அணுகக் கூடாது. அங்கே வேகம்தான் நோக்கம். இங்கே அத்தனை மணத்தையும் தாங்கி நிற்க பீருக்கு உடல், அதாவது வாயில் உணரும் கனம், வேண்டும் என்பதற்காகவே சாராயச் சத்து கூடுகிறது. ஆனாலும் கணக்கு கணக்குதான்: 473 மில்லி கேன் ஒன்றில் 8 சதவீதம் என்றால் ஏறத்தாழ 38 மில்லி தூய ஆல்கஹால், அதாவது நம் ஊர் பிராந்தியில் 90 மில்லிக்குச் சமம். ஆகவே ஒரு கேனை நான்கு பேர் பகிர்வதே மதிப்பீட்டுக்கு ஏற்ற அளவு. கேரளத்தில் 23 வயது நிறைந்தவர்களுக்கே மது என்பதும், அன்று வண்டி ஓட்டவேண்டியவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது என்பதும் சொல்லாமலே தெரியவேண்டியவை.

இந்த பீரின் உயிர் அதன் புதுமை. கள்ளைப் போல இது மணிக்கணக்கில் கெடாது. ஆனால் வாரக்கணக்கில் கெடும், சூட்டில் வைத்தால் அதைவிட வேகமாகக் கெடும். கேனின் அடியில் அச்சிட்ட தேதியை முதலில் பாருங்கள். அடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், இடைவிடாமல் குளிரில் இருந்தது என்றால் அதை நம்பி மதிப்பிடலாம். மூன்று மாதம் கடந்ததைக் குடிக்கலாம், ஆனால் அதை வைத்து அந்தத் தயாரிப்பாளரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. வெளிநாட்டிலிருந்து வருபவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய 2 லிட்டருக்குள் நான்கு கேன்கள் அடங்கும் என்பதால், உறவினர் ஒருவர் எனக்கு நான்கு வாங்கி வந்தார். அவற்றில் ஒன்றை நான் பங்குனி வெயிலில் அலமாரியிலேயே ஆறு வாரம் விட்டுவிட்டேன். திறந்து ஊற்றியபோது, வெட்டித் தண்ணீரில் போடாமல் மறந்த கத்தரிக்காயின் நிறம் இருந்தது. மாம்பழ மணம் போன இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டியின் வாடையும் பழந்தேனின் இனிப்பும் இருந்தன. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் இந்த பீருக்குச் செய்யும் கேட்டை அன்று நான் கண்ணாலேயே கண்டேன். அதன் பிறகு எந்தக் கேனும் என் வீட்டில் குளிர்பெட்டிக்கு வெளியே இரவைக் கழித்ததில்லை.

கண்ணாடிக் குவளைதான் அடுத்த கவலை. தேங்காய் எண்ணெய் புழங்கும் சமையலறையில் மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவிய குவளையில் நுரை நிற்காது. தனியே, புதுப் பஞ்சில் கழுவி, சோப்பு வாடை போகும்வரை அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். ஐயம் இருந்தால் ஈரக் குவளையின் உட்சுவரில் பொடி உப்பைத் தூவிப் பாருங்கள்: சுத்தமான இடத்தில் சீராக ஒட்டும், எண்ணெய் உள்ள இடத்தில் ஒட்டாது. வாய் குறுகி வயிறு அகன்ற குவளை மணத்தைப் பிடித்து வைக்கும். சாம்பிராணிப் புகை, தலையில் சூடிய மல்லிகை, பக்கத்து அடுப்பில் பொரியும் மத்தி, இவற்றுக்கு நடுவில் எந்த மூக்கும் வேலை செய்யாது; காற்றோட்டமான, வெயில் நேரடியாக விழாத திண்ணை போதும். வெயில் விழுந்தால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சில நிமிடங்களிலேயே சிதைந்து கெட்ட நாற்றம் தரும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் பாதி மணம் உறங்கிக்கொண்டிருக்கும். 7 முதல் 10 டிகிரி வரை நல்ல வெப்பநிலை. எங்கள் ஊர்ச் சூட்டில் அதற்குப் பத்து நிமிடம் வெளியே வைத்தாலே போதும். கேனைக் குலுக்கவோ உருட்டவோ வேண்டாம், அடியில் படிந்த ஹாப்ஸ் துகள் அங்கேயே இருக்கட்டும். ஹெடி டாப்பர் கேனின் மேல் விளிம்பில் கேனிலிருந்தே குடிக்கும்படி அச்சிட்டிருப்பார்கள். மணம் வெளியேறாமல் காக்கும் அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மதிப்பிட வந்தவருக்குக் கண்ணும் மூக்கும் வேண்டும் என்பதால் குவளையில் ஊற்றுவதே சரி.

நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து இளம் ஆரஞ்சு வரை, உள்ளிருந்து ஒளிர்வதுபோல் இருக்கவேண்டும். பழுப்போ சாம்பலோ ஏறியிருந்தால் காற்றுப்பட்டுவிட்டது. கலங்கல் சீராகப் பரவியிருக்கவேண்டும். திரிந்த பால் போலத் துகள் மிதந்தால் மதிப்பெண் குறைகிறது. கண்ணுக்கு இதற்குமேல் வேலை இல்லை.

மூக்குக்குத்தான் நேரம் கொடுக்கவேண்டும். ஊற்றிய அரை நிமிடத்துக்குள் குவளையின் வாயை உள்ளங்கையால் மூடி, ஒரு சுற்றுச் சுழற்றி, கையை எடுத்து, குட்டி குட்டியாக மூன்று முறை முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு சலித்துவிடும். சலித்தால் உங்கள் சொந்த முழங்கையை முகர்ந்து இளைப்பாறலாம். பிறகு யாரிடமும் பேசாமல் தோன்றியதை எழுதிவிடுங்கள், ஏனெனில் ஒருவர் 'அன்னாசி' என்று உரக்கச் சொன்னால் மற்ற மூவருக்கும் அன்னாசிதான் மணக்கும். 'வெப்பமண்டலப் பழம்' என்று எழுதி நகர்வது நம்மவருக்குப் பொருந்தாது, அந்த மண்டலத்தில் வாழ்கிறவர்களே நாம்தானே. எந்தப் பழம், எந்தப் பதம், அதன் எந்தப் பகுதி என்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மாம்பழம் என்றால் கனிந்த சதையா, தோலா, காம்பை முறித்தால் வழியும் பாலா?

கள்ளுக்கடையில் முப்பது ஆண்டு அளவை பார்த்த என் தாய்மாமன் இந்த பீரை முதன்முதலில் முகர்ந்தபோது, சற்று நேரம் கண்மூடி இருந்துவிட்டு, "இது பழம் இல்ல மருமவனே, காம்பு முறிச்ச மாங்காய்" என்றார். அவர் சொன்னதில் வேதியியலும் இருக்கிறது: ஹாப்ஸ் எண்ணெயில் மிகுதியாக உள்ள மிர்சீன் என்ற மணப்பொருள் மாங்காய்ப் பாலிலும் உண்டு. அதே போல லினலூல் கொத்தமல்லி விதையின் மணத்துக்கு அடிப்படை, ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. கொய்யாவுக்கும் பேஷன் ஃப்ரூட்டுக்கும் அவற்றின் மணத்தைத் தரும் கந்தகச் சேர்மங்களான தையால்கள் சிட்ரா, மொசைக், நெல்சன் சாவின் போன்ற ஹாப்ஸ் வகைகளில் உண்டு. ஆகவே முதல் தடவை உட்காரும் முன், நசுக்கிய கொத்தமல்லி விதை, பம்பளிமாஸ் தோல், கொய்யாத் துண்டு, மாங்காய்க் காம்பு ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து முகர்ந்துவிட்டு வாருங்கள். அதே கந்தகச் சேர்மங்கள் அளவு மீறினால் கொய்யா போய் வெங்காயமும் பூண்டும் முன்னே வரும். அதைச் சிலர் ஏற்பார்கள், நான் ஏற்பதில்லை.

இப்போது ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுதும் படரவிட்டு, விழுங்கியபின் வாயை மூடியபடியே மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் தெரியும். முகர்ந்த பழம் அங்கேயும் இருக்கிறதா, வேறு பழமாகிவிட்டதா என்று பாருங்கள். கசப்பு வெந்தயம்போல மெதுவாக வந்து மெதுவாகப் போகவேண்டும். பாகற்காய்போல முன்னே நின்று மறித்தால் அது வேறு வகை ஐபிஏவாக இருக்கலாம், இந்த வகையாக இராது. உடல், இளநீர் வழுக்கைபோல மென்மையாக நழுவவேண்டும். இனிப்பு அளவோடு உள்ளதா என்பதை முதல் வாயில் அறிய முடியாது, மூன்றாவது வாயில் திகட்டுகிறதா என்று கேளுங்கள்.

தொண்டையில் ஏற்படும் எரிச்சலைப் பற்றித் தனியே சொல்லவேண்டும், ஏனெனில் பலர் அதைக் கசப்போடும் சாராய வேகத்தோடும் குழப்பிக்கொள்கிறார்கள். சரியாக வேகாத கருணைக்கிழங்கு தொண்டையில் செய்யும் காறலை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிப் போட்ட ஹாப்ஸின் துகளும் பாலிஃபீனாலும் தருவது கிட்டத்தட்ட அதேதான். மிகப் புதிதாக அடைத்த கேனில் இது இருந்தால், ஓரிரு வாரம் குளிரில் அசையாமல் வைத்தால் துகள் படிந்து காறல் தணியக்கூடும். வாழைப்பூவின் துவர்ப்பு வேறு. அது நாக்கை வறட்டும். சாராயத்தின் சூடும் வேறு: நெஞ்சில் இதமாகப் பரவினால் 8 சதவீதத்துக்கு அது இயல்பு, நெயில் பாலிஷ் வாடையோடு மூக்கில் குத்தினால் புளிப்பித்தலில் பிழை.

மற்றப் பிழைகளில் அடிக்கடி எதிர்ப்படுவது வெண்ணெய் வாடை. ஹாப்ஸை இறுதியில் கொட்டும்போது அதிலுள்ள நொதிகள் மீந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்குகிறது. அது முடியும் முன் அவசரப்பட்டுக் குளிர்வித்து அடைத்தால் டையாசெட்டைல் என்ற அந்த வெண்ணெய் மணம் தங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாடை முதிராத பீரின் அடையாளம். புளித்த பாலாடைக்கட்டி நாறினால் ஹாப்ஸே பழையது.

மதிப்பெண் இட விரும்புவோர் அமெரிக்க பீர் நடுவர் அமைப்பான பிஜேசிபியின் 50 மதிப்பெண் முறையைப் பின்பற்றலாம்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த மதிப்பீட்டுக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே என்பதைக் கவனியுங்கள். பழச்சாறு போன்ற நிறத்தைப் படமெடுத்து மயங்குகிறவர்களுக்கு அது நல்ல நினைவூட்டல். குவளையில் கால்பங்கை மீதம் வைத்து, அது வெதுவெதுப்பானபின் முகர்ந்துவிட்டே அந்தக் கடைசி 10 மதிப்பெண்ணை இடுங்கள். குளிர் மறைத்த வெண்ணெயும் சாராயக் குத்தலும் அப்போதுதான் வெளிப்படும். நன்றாகச் செய்த பீரில் அப்போதும் பழமே நிற்கும்.

ஒரே நாளில் அடைத்த இரண்டு கேன் கிடைத்தால் ஒன்றைத் தேதி எழுதிக் குளிர்பெட்டியின் பின்வரிசையில் வையுங்கள். நாற்பது நாள் கழித்து அதே குவளையில், அதே நால்வரோடு திறந்து, முதல் நாள் எழுதிய தாளைப் பார்க்காமல் புதிதாக எழுதி, பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.