விரல் அகலப் படத்தில் ஒரு விளையாட்டு

மதுரையில் வளர்ந்தவர்களுக்குச் சுவரொட்டி வாசிப்பதற்கென்று ஒரு கண் உண்டு. பெரியார் பேருந்து நிலையத்தருகே திரும்பும் பேருந்தின் சன்னலோரம் இருந்தபடியே, எதிர்ச்சுவரில் ஒட்டியிருப்பது காதணி விழாவா, கட்சிக் கூட்டமா, கண்ணீர் அஞ்சலியா என்பதை ஒரு வரிகூடப் படிக்காமல் சொல்லிவிடுவோம். நிறமும், முகத்தை வைத்திருக்கும் விதமும், எழுத்தின் பருமனுமே அதைச் சொல்லிவிடுகின்றன. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் விளையாட்டு தேடுபவரும் இப்படித்தான் கடந்து போகிறார். விளையாட்டு உருவாக்கும் நாம் அங்கே அமைக்கும் பக்கத்துக்குள் அவர் வருவதற்கு முன்பே, பிற விளையாட்டுகளோடு வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு சிறுபடமாகத்தான் நம் விளையாட்டைக் காண்கிறார். கேப்ஸ்யூல் என்று அழைக்கப்படும் அந்தப் படம், 'இதில் நான் என்ன செய்வேன்' என்ற அவருடைய கேள்விக்கு அங்கேயே விடை சொல்லியாக வேண்டும்.

நானும் நண்பர் ஒருவரும் உருவாக்கிவரும் விளையாட்டு, மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் நடப்பது. விடியற்காலையில் மல்லிகை மொட்டை எடை போட்டு வாங்கி, அது மாலையில் விரிவதற்குள் சரமாகக் கட்டி விற்றுவிட வேண்டும். மொட்டு விரிய விரிய விலை இறங்கும். எங்கள் முதல் கேப்ஸ்யூலில் பின்னால் மீனாட்சியம்மன் கோயில் கோபுரமும், நடுவில் பூக்கூடையுடன் புன்னகைக்கும் பெண்ணும், கீழே தூவிய மல்லிகையும் இருந்தன. பெரிய திரையில் பார்க்க மிக அழகாக இருந்தது. ஆனால் அதைச் சிறிதாக்கி, விளையாட்டைப் பற்றி ஏதும் அறியாதவர்களிடம் காட்டியபோது பலர் அதைப் பக்திச் செயலி என்றும், சிலர் சுற்றுலா வழிகாட்டி என்றும் நினைத்தார்கள். ஊரைக் காட்டிய நாங்கள், அந்த ஊரில் ஆடுபவருக்கு என்ன வேலை என்பதைக் காட்டத் தவறியிருந்தோம். இப்போதைய படத்தில் இரண்டு கைகளும், விரலிடுக்கில் இழுபடும் வாழைநாரும் மட்டுமே பெரிதாக இருக்கின்றன. நாரின் ஒரு பக்கம் பச்சை படிந்த வெள்ளையில் இறுக மூடிய மொட்டுகள், மறுபக்கம் விரியத் தொடங்கிவிட்ட பூக்கள், பின்னால் சிவந்து மங்கும் மாலை வானம். கோபுரத்தை எடுக்க மனம் வரத்தான் இல்லை. ஆனால் அதை எடுத்த பிறகுதான் அவசரம் கண்ணுக்குத் தெரிந்தது.

ஆகவே ஓவியரிடம் போவதற்கு முன், உங்கள் விளையாட்டில் ஆடுபவர் அடிக்கடி செய்யும் ஒரு செயலையும், அதற்கு எதிராக நிற்கும் ஒரு நெருக்கடியையும் ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வாக்கியத்தில் இடம்பெறாத பாத்திரத்துக்கும் பொருளுக்கும் படத்தில் இடம் வேண்டாம். நம் ஊர்ச் சுவரொட்டியில் முப்பது முகங்கள் இருக்கலாம், ஏனெனில் ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தேடி வந்து பார்ப்பார்கள். கடையில் அப்படித் தேடி வருபவர் எவருமில்லை.

அளவுகளில் கவனம் தேவை. ஸ்டீம் கேட்கும் சிறிய கேப்ஸ்யூல் 462×174 பிக்சல், தலைப்புக் கேப்ஸ்யூல் 920×430, முதன்மைக் கேப்ஸ்யூல் 1232×706, நெடுக்குக் கேப்ஸ்யூல் 748×896. முதலாவது படுத்த பட்டை, கடைசியானது நின்ற செவ்வகம். ஒன்றை வெட்டி மற்றொன்றைச் செய்தால் கையோ தலைப்போ துண்டாகிவிடும். எனவே பின்னணி, உருவம், விளையாட்டின் பெயர் ஆகிய மூன்றும் தனித்தனி லேயர்களாக (அடுக்குகளாக) உள்ள கோப்பைத் தர வேண்டும் என்று கூலி பேசும்போதே ஓவியரிடம் சொல்லிவிடுங்கள். சிறிய பட்டையில் பெயர் ஏறக்குறைய முழு இடத்தையும் அடைத்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. 2022 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள விதிப்படி, கேப்ஸ்யூலில் ஓவியமும் பெயரும் அதன் துணைத்தலைப்பும் மட்டுமே இருக்கலாம். விருதின் பெயர், விமர்சன மதிப்பெண், தள்ளுபடி அறிவிப்பு எதையும் எழுதக் கூடாது.

பெயரைத் தமிழில் எழுதுவதாக இருந்தால், அந்த எழுத்துக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். நம் எழுத்துகள் பக்கவாட்டில் அகன்றவை. மெய்யெழுத்தின் புள்ளியும் 'கி'யில் மேலே வளையும் விசிறியும் படம் சிறிதாகும்போது முதலில் மறைபவை. 'மல்லி' என்ற சொல்லில் லகரத்தின் மேலுள்ள புள்ளி மறைந்தால் அது 'மலலி' ஆகிவிடும். பருமனான எழுத்துருவில் 'ண', 'இ' ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகின்றன. கடைப்பலகை எழுதும் ஓவியர்களின் கையெழுத்தைக் கூர்ந்து பாருங்கள்: புள்ளியைக் கோட்டின் பருமனைவிடப் பெரிதாக வைப்பார்கள், சுழிக்குள் காற்று விடுவார்கள். எங்கள் தலைப்பையும் கையாலேயே எழுதி வாங்கினோம். கணினி எழுத்துருவில் ஆறு முறை முயன்றும் கிடைக்காத தெளிவு அதில் கிடைத்தது.

ஸ்கிரீன்ஷாட் குறைந்தது ஐந்து வேண்டும். 1920×1080 அளவில், விளையாட்டிலிருந்தே எடுத்தவையாக இருக்க வேண்டும். கதைக் காட்சி, முகப்புத் திரை, வரைவு ஓவியம் ஆகியவற்றை வைக்காதீர்கள். முதல் நான்கும் நான்கு வெவ்வேறு இடங்களையும் வெவ்வேறு நிறங்களையும் காட்டட்டும், திரையில் உள்ள பொத்தான்களும் கணக்குகளும் தெரியட்டும். பொத்தான்களை மறைத்து எடுத்த படம் அழகாக இருக்கும், ஆனால் ஆடுபவர் எதை அழுத்துவார் என்பதைச் சொல்லாது. டிரெய்லருக்கும் இதுவே பொருந்தும்: நிறுவனச் சின்னத்தில் தொடங்காமல், முதல் நொடியிலேயே பூக்கட்டும் கையில் தொடங்குங்கள்.

இனி எழுத்து. குறு விவரிப்புக்கு ஸ்டீம் தருவது ஏறத்தாழ 300 குறிகள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'கி' போன்ற உயிர்மெய் இரு குறிகளாகச் சேமிக்கப்படுவதால், கண்ணால் எண்ணும் எழுத்துகளைக் கொண்டு கணக்கிடாமல், பெட்டியில் இட்டுப் பார்த்தே நீளத்தை முடிவு செய்யுங்கள். எங்கள் முதல் வரைவு இப்படி இருந்தது: 'புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மணம் கமழும் உலகில், பாரம்பரியமும் உழைப்பும் கலந்த மறக்க முடியாத ஒரு பயணம்.' மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மையே, அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. ஆயினும் அந்த வாக்கியத்தில் ஆடுபவர் செய்வதற்கு ஒரு வினைச்சொல்கூட இல்லை. திருத்தியது: 'விடியலில் மொட்டை வாங்குங்கள், மாலையில் விரிவதற்குள் கட்டி முழம்போட்டு விற்றுவிடுங்கள். விரிந்த பூவுக்கு விலையில்லை, திருப்பித் தர வேண்டிய கடனுக்குத் தவணையுமில்லை.' வாங்கு, கட்டு, விற்று முடி: மூன்று வினைகள், ஒரு நெருக்கடி. 'தனித்துவமான', 'மறக்க முடியாத' போன்ற அடைமொழிகள் எல்லா விளையாட்டுக்கும் பொருந்துவதால் எந்த விளையாட்டையும் அவை அடையாளம் காட்டுவதில்லை.

ஆங்கிலப் பக்கத்தைத் தமிழிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல் தனியாக எழுதுங்கள். முழம் என்பதை அங்கே விளக்க வேண்டும், அடைப்புக்குறிக்குள் அல்லாமல் 'முழங்கையிலிருந்து விரல்நுனி வரை அளந்து' என்று செயலாகவே காட்டலாம். நீண்ட விவரிப்பில் சிறு பத்திகளும், இடையிடையே ஓரிரு அசைபடங்களும் போதும். விளையாட்டின் வகையைச் சொல்லும் குறிச்சொற்களான டேக்குகள் இருபது வரை இடலாம். உங்களோடு ஒரே வரிசையில் நிற்கத்தக்க விளையாட்டுகளின் டேக்குகளைப் பார்த்து, மிகத் துல்லியமானதை முதலில் வையுங்கள். கூகிள் பிளேயில் வெளியிடுபவருக்குக் குறு விவரிப்பு 80 குறிகள் மட்டுமே என்பதால் மேற்கண்டதில் முதல் வாக்கியத்தையும் சுருக்க வேண்டியிருக்கும். அங்கே 512×512 ஐகானில் பெயரே வேண்டாம், மொட்டும் நாரும் போதும்.

'விரைவில் வருகிறது' பக்கம் வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன்பாவது திறந்திருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. பல மாதங்கள் முன்பே திறப்பதுதான் நல்லது, பிறகு வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட்டில் ஆள் சேர அவ்வளவு காலம் பிடிக்கும். திறப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கடைப்பக்கம் ஒன்றைத் திரைப்பிடிப்பு எடுத்து, அதிலுள்ள ஒரு படத்தின் இடத்தில் உங்கள் படத்தைப் பொருத்தி, தெரியாத ஒருவரிடம் கைப்பேசியை மூன்று நொடி காட்டித் திருப்பிக்கொள்ளுங்கள். 'நல்லா இருக்கா' என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றே சொல்வார்கள். 'இதுல என்ன பண்ணணும்?' என்று மட்டும் கேளுங்கள். மாட்டுத்தாவணி டீக்கடையில் நாங்கள் அப்படிக் கேட்டபோது, கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்ற அக்கா ஒருவர், 'பூ விரியறதுக்குள்ள கட்டி முடிக்கணும், வேறென்ன?' என்றார். அன்றிரவே அந்தப் படத்தை ஏற்றினோம்.