தேடுவது ஒன்று, வருவது ஒன்று: இணையக் கடையில் பொருளைச் சரியாகத் தேடும் முறை

அரைக்கும் கல்லை நினைத்துக்கொண்டு இணையக் கடையில் ‘அம்மி’ என்று ஆங்கில எழுத்துகளில் தேடினால், கற்களுக்கு நடுவே ‘உலகிலேயே சிறந்த அம்மி’ என்று அச்சிட்ட காபிக் கோப்பையும் வந்து நிற்கக்கூடும். உருது பேசும் வீடுகளில் அம்மி என்றால் அம்மா. சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகும் முன், பொருந்தாத அந்த முடிவைச் சற்று உற்றுப் பாருங்கள். நாம் கொடுத்த சொற்களில் எதைத் தேடுபொறி பிடித்துக்கொண்டது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பெயரோடு பொருள் எதனால் ஆனது, எதற்குப் பயன்படுவது என்பதையும் சேர்த்து, ‘மசாலா அரைக்கும் கல் அம்மி, குழவியுடன்’ என்று தேடினால் கோப்பைகள் பெரும்பாலும் விலகிவிடும்.

பலரும் தடுமாறும் இடம் விலை வரிசைதான். ஒரு கைப்பேசியின் மாடல் பெயரைக் கொடுத்து, குறைந்த விலை முதலில் வருமாறு மாற்றியதும், கைப்பேசி காணாமல் போய், பின்புற உறை, திரைக் கண்ணாடி, கேமரா மூடி, ஸ்டிக்கர் என்று பக்கம் பக்கமாக வருகின்றன. உறை விற்பவர், அது எந்தெந்த மாடல்களுக்குப் பொருந்துமோ அவற்றின் பெயர்களையெல்லாம் தலைப்பிலேயே அடுக்கிவைத்திருப்பார். வழக்கமான வரிசையில் பொருத்தம் குறைவென்று கீழே கிடக்கும் இவை, விலை மட்டுமே அளவுகோலாகும்போது மேலே ஏறிவிடுகின்றன. ஆகவே முதலில் ‘ஸ்மார்ட்போன்’ என்ற பொருள்வகையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்துக் குறைந்தபட்ச விலையாக ஐயாயிரமோ பத்தாயிரமோ இடுங்கள். அதன் பிறகே விலைப்படி வரிசைப்படுத்துங்கள். என் அனுபவத்தில் இந்த ஒழுங்கை மாற்றாமல் செய்வதே பாதித் தொல்லையைத் தீர்த்துவிடுகிறது.

‘பூ வேலைப்பாடு இல்லாத புடவை’ என்று கேட்டால் பூப்போட்ட புடவைகளே வரலாம், ஏனெனில் ‘இல்லாத’ என்பதைப் பல தேடுபொறிகள் பொருட்படுத்துவதில்லை. வேண்டாததைச் சொல்லாமல், ‘ஒரே நிறப் புடவை’ என்று வேண்டியதைச் சொல்லுங்கள்.

தேடல் சரியாக இருந்தும் விற்பவரின் தலைப்பே வேடிக்கையாக அமைவதுண்டு. 2024 ஜனவரியில் அமேசானில் சில பொருள்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘மன்னிக்கவும், இந்தக் கோரிக்கையை நிறைவேற்ற இயலாது, இது ஓபன்ஏஐ கொள்கைக்கு மாறானது’ என்ற பொருள்படும் வரி இருந்தது. தலைப்பு எழுதித் தரக் கேட்டபோது ஓபன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு தந்த மறுப்பை, விற்பவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே ஏற்றியிருந்தார்கள். தன் தலைப்பையே படிக்காத விற்பனையாளரிடம் பணம் கொடுப்பது நல்லதல்ல என்பதே என் கருத்து.

நம்ப முடியாத விலையில் அழகான மர நாற்காலி வந்தால், படத்தை விட்டு அளவுகளுக்குச் செல்லுங்கள். உயரம் 9 சென்டிமீட்டர் என்றிருந்தால் அது பொம்மை வீட்டுக்கானது. எண்ணிக்கையையும் எடையையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

‘ஸ்பான்சர்ட்’ என்ற சிறு எழுத்துள்ளவை விளம்பரங்கள். பொருந்தாமலும் அவை முதலில் வரலாம். பொருள்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதை இணையச் சந்தைகள் விளக்க வேண்டும் என்று இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று என்றாகி, கடைக்காரர் திரும்பப் பெற மறுத்தால், பொருள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ரசீதையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம்.