பிளக்-இன் ஹைபிரிட் கார்: ராத்திரி பிளக் போடுகிறவர்களுக்கான வண்டி

பிளக்-இன் ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினும், சுவரில் செருகி சார்ஜ் ஏற்றுகிற பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த கார்) வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் விலை, பிராண்ட், மைலேஜ் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பார்க்க வேண்டும். ராத்திரி நீங்கள் வண்டி நிறுத்துகிற இடத்தில், உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து இழுத்த ஒரு 15 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா, அல்லது போட முடியுமா? முடியும் என்றால் மேலே படியுங்கள், இந்த வண்டி உங்களுக்கு நிஜமாகவே நல்லது செய்யும். தெருவோரம் நிறுத்துகிறவர் என்றால் பிளக் இல்லாத சாதாரண ஹைபிரிட்டே போதும், கணிசமான பணம் மிச்சமாகும்.

சென்னை ஷோரூம்களில் இன்று மூன்று வகை ஹைபிரிட் நிற்கிறது. மாருதி எர்டிகாவில் வருகிற ஸ்மார்ட் ஹைபிரிட்டில் இருப்பது சின்ன மோட்டார், அது என்ஜினுக்குக் கை கொடுக்கும், தனியாக வண்டியை ஓட்டாது. இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி இ:எச்இவி மாதிரியானவை ஸ்ட்ராங் ஹைபிரிட். பேட்டரி ஒன்றிரண்டு யூனிட்டுக்குள்தான் இருக்கும் (ஈபி பில்லில் வருகிற அதே யூனிட்தான்), பிரேக் பிடிக்கும்போதும் என்ஜின் ஓடும்போதும் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், நெரிசலில் கொஞ்ச தூரம் பெட்ரோல் இல்லாமல் நகரும். பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி 10 யூனிட்டிலிருந்து 20 யூனிட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் இருக்கும். அதைச் சுவரில் செருகி நிரப்பினால் 40 முதல் 80 கிலோமீட்டர் வரை என்ஜினை எழுப்பாமலே ஓடும், அது தீர்ந்ததும் சாதாரண ஹைபிரிட் மாதிரி பெட்ரோலில் தொடரும்.

இந்த ஏற்பாடு புதிது இல்லை. சீனாவில் பிஒய்டி எஃப்3டிஎம் 2008-லேயே வந்தது, அமெரிக்காவில் ஷெவர்லே வோல்ட் 2010-ல், ஜப்பானில் மிட்சுபிஷி அவுட்லேண்டர் 2013-ல். நம் ஊரில்தான் இது இன்னும் பணக்கார வண்டியாகவே இருக்கிறது: வால்வோ எக்ஸ்சி90 டி8, பிஎம்டபிள்யூ எக்ஸ்எம், ரேஞ்ச் ரோவர் என்று இதுவரை வந்தது பெரும்பாலும் பெரிய இடம். அதற்கு வரியும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி மாற்றத்தில் முழு பேட்டரி வண்டிக்கு 5 சதவீதம், இந்த மாதிரி பெரிய ஹைபிரிட்டுக்கு 40 சதவீதம். பச்சை நம்பர் பிளேட்டும் கிடையாது, அது முழு பேட்டரி வண்டிக்குத்தான். அதனால் இங்கே புதிதாக வாங்குகிறவர்கள் குறைவு, பழைய வண்டிச் சந்தையில் பார்க்கிறவர்களும், துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு வாங்குகிறவர்களும்தான் அதிகம் கேட்கிறார்கள். கீழே சொல்வது எல்லாருக்கும் பொருந்தும்.

முதலில் தூரக் கணக்கு

ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று ஓடோமீட்டரை வைத்தே இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம். வேளச்சேரியில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை என்றால் போய்வரவே 30 கிலோமீட்டர்தான், பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று கூட்டினாலும் பேட்டரியிலேயே முடிந்துவிடும். அம்பத்தூரில் வீடு, சிறுசேரியில் வேலை என்றால் ஒரு வழியே 40 கிலோமீட்டர் வாக்கில் வரும், சாயங்காலம் திரும்பும்போது பெட்ரோல்தான். ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜர் இருந்தால் கதை மாறும். கம்பெனி சொல்கிற தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். 70 என்று எழுதியிருந்தால், மே மாத வெயிலில் ஏசியை முழுசாக வைத்து, நின்று நின்று போகிற ஓஎம்ஆரில் 50 கிடைத்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். 50 கிலோமீட்டர் ஓட்ட, சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து, ஒரு பெரிய எஸ்யுவிக்கு சுமார் 17 யூனிட் என்று வைப்போம். அதே வண்டி சென்னை நெரிசலில் பெட்ரோலில் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் சொச்சம்தான் கொடுக்கும், ஆக 6 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 600 ரூபாய். கரண்டுக்கு எவ்வளவு என்பதில்தான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்துக்கொண்டு காருக்கும் மலிவாக வரும் என்று எண்ணக்கூடாது. மாதம் 25 நாள் சார்ஜ் போட்டால் இரண்டு மாத பில்லில் 850 யூனிட் கூடும், வீட்டு ஏசி, ஃப்ரிட்ஜுக்கு மேலே இது ஏறுவதால் காருக்குப் போகிற யூனிட் எல்லாம் மேல்படி விலைகளில்தான் விழும், அதில் உச்சம் கிட்டத்தட்ட 12 ரூபாய். அப்படிப் போட்டாலும் 50 கிலோமீட்டருக்கு 200 ரூபாய்தான் வருகிறது. ஒரு நாளைக்கு 400 ரூபாய் மிச்சம் என்பது மாதத்துக்குப் பத்தாயிரம்.

இந்த மிச்சம் முழுக்க பிளக் போடுகிற பழக்கத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், 2021-ல் பதிவான வண்டிகளின் நிஜ ஓட்டத்தை அளந்து பார்த்ததில், பிளக்-இன் ஹைபிரிட்கள் ஆய்வகத்தில் காட்டியதைப் போல சராசரியாக 3.5 மடங்கு கரியமிலவாயுவை விட்டிருக்கின்றன. எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் போட்டு ஓட்டவில்லை என்பதுதான் முக்கியக் காரணம். சார்ஜ் இல்லாமல் ஓட்டினால் இருநூறு, முன்னூறு கிலோ கூடுதல் எடையை பெட்ரோல் என்ஜின் சும்மா சுமந்துகொண்டு போகும். சாதாரண ஹைபிரிட்டே அதைவிட நல்ல மைலேஜ் கொடுக்கும்.

பிளக் பாயின்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது

டீலர் வால் பாக்ஸ் (சுவரில் பொருத்துகிற தனி சார்ஜர்) போடச் சொல்வார். நிறைய பிளக்-இன் ஹைபிரிட்களில் வண்டிக்குள் இருக்கிற சார்ஜரே 3.5 கிலோவாட் (மணிக்கு 3.5 யூனிட்) வாக்கில்தான் எடுக்கும், ஆகவே 7 கிலோவாட் வால் பாக்ஸ் போட்டாலும் வேகம் கூடாது. வண்டி எவ்வளவு எடுக்கும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 15 ஆம்பியர் பாயின்டில், 10 ஆம்பியர் இழுத்தால், மணிக்கு 2.3 யூனிட். 17 யூனிட் நிரம்ப ஏழு, ஏழரை மணி நேரம். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் விடியும்போது தயார், இதற்கு மேல் வேகம் எதற்கு?

ஆனால் அந்த ஒரு பாயின்ட் ஒழுங்காக இருக்க வேண்டும். கீசர் அரை மணி நேரம் ஓடி நின்றுவிடும், கார் ஏழு மணி நேரம் நிறுத்தாமல் இழுக்கும். மீட்டரிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, கசிவு வந்தால் துண்டிக்கிற ஆர்சிசிபி, நல்ல எர்த், இது நான்கும் இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். நங்கநல்லூர், மயிலாப்பூர் பக்கம் பழைய ஃபிளாட்டுகளில் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். வண்டியோடு வருகிற சார்ஜர் அதைக் கண்டுபிடித்து சிவப்பு விளக்கு காட்டி ஏற மாட்டேன் என்று நிற்கும், உடனே சார்ஜர் ரிப்பேர் என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்கி, பின் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, சாக்கெட் ஓரத்தில் பழுப்புக் கறை, லேசான பிளாஸ்டிக் வாடை இவற்றில் எது இருந்தாலும் அந்த சாக்கெட்டை மாற்றாமல் அடுத்த முறை போடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே கூடாது.

அப்புறம் அசோசியேஷன். பொது மீட்டரிலிருந்து எடுக்கப் பார்த்தால் சண்டைதான் வரும். உங்கள் சொந்த மீட்டரிலிருந்து வயர் இழுக்கிறேன், செலவு என்னுடையது, பைப் இந்த வழியாகப் போகும் என்று ஒரு தாளில் வரைந்து கொடுத்தால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சாக்கெட்டை எந்த உயரத்தில் வைப்பது என்பது சென்னையில் முக்கியம்: 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கேட்டு, அதற்கு மேல் வையுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது, பானட்டைத் திறந்து ஆரஞ்சு நிற வயர்களைத் தொடக்கூடாது. ஹை வோல்டேஜ் அதில்தான் ஓடுகிறது. மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஓட்டுகிற விதம்

எலக்ட்ரிக், ஹைபிரிட், சேவ் (சில வண்டிகளில் ஹோல்ட்), சார்ஜ் என்று பொதுவாக நான்கு மோட் இருக்கும். தினசரி ஊருக்குள் எலக்ட்ரிக்கில் விட்டுவிடுங்கள். ஆக்ஸிலேட்டரை ஆழமாக அழுத்தினால் என்ஜின் எழுந்துகொள்ளும். மீட்டரில் அந்த எல்லைக்கோட்டைக் காட்டும், முள் அதற்குக் கீழே நிற்கிற மாதிரி மிதிக்கக் கொஞ்ச நாளில் கால் பழகிவிடும்.

ஊருக்குப் போகும்போது சேவ் மோடின் அருமை தெரியும். மதுரை 460 கிலோமீட்டர். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று ஊர்ந்து போகிற இடம் முழுக்க எலக்ட்ரிக்கில் ஓட்டுங்கள், என்ஜின் சத்தமில்லாமல் ஏசி ஓடும், பெட்ரோல் ஒரு சொட்டு போகாது. பரனூர் டோல் தாண்டி ரோடு விட்டதும் மீதி சார்ஜை சேவ் போட்டு வைத்துவிட்டு பெட்ரோலில் போங்கள், நிதானமான ஹைவே வேகத்தில்தான் என்ஜின் நல்ல மைலேஜ் தரும். மதுரைக்குள் நுழையும்போது மறுபடி எலக்ட்ரிக். பண்டிகை நேரத்தில் முழு பேட்டரி வண்டிக்காரர்கள் சார்ஜிங் பாயின்டில் வரிசையில் நிற்கும்போது நீங்கள் பங்க்கில் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிடலாம், என்னைக் கேட்டால் இந்த வண்டியின் பெரிய நன்மை இதுதான். சார்ஜ் மோடை மட்டும் சும்மா போடாதீர்கள். பெட்ரோலை எரித்து பேட்டரியை நிரப்புவது, கரண்டில் நிரப்புவதைவிடப் பல மடங்கு செலவு.

மலைக்குப் போனால் ஒரு சூட்சுமம். கொடைக்கானல் ஓட்டலில் ராத்திரி 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் கரண்ட் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும், பேட்டரி நிரம்பியிருந்தால் அதற்குப் போக இடமில்லை, பாரம் முழுக்க பிரேக் பேட் மேல் விழுந்து சூடாகும். பாதி சார்ஜோடு கிளம்பினால் கீழே இறங்கும்போது கணிசமாக ஏறியிருக்கும், செலவில்லாமல்.

பராமரிப்பு

என்ஜினும் மோட்டாரும் இரண்டும் இருப்பதால் சர்வீஸ் செலவு குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். என்ஜின் அதிகம் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். பெட்ரோல் டேங்க்கை நிரப்பி வைத்து மாதக்கணக்கில் தொடாமல் விடாதீர்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும். தினமும் கரண்டிலேயே ஓட்டுகிறவர் கால் டேங்க் வைத்திருந்தால் போதும், மாதம் ஒருமுறை ஒரு நீண்ட ஓட்டத்தில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி எடுங்கள். பெட்ரோல் போட மூடியைத் திறக்கும்போதும் பொறுமை வேண்டும்: பல வண்டிகளில் டேங்க் அழுத்தத்தில் மூடியிருக்கும், பட்டனை அழுத்தினால் அழுத்தம் இறங்கச் சில விநாடி எடுத்துக்கொண்டுதான் திறக்கும். பங்க் பையன் ஸ்க்ரூடிரைவரைத் தேடுவதற்குள் சொல்லிவிடுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர்க்காரர்கள் பிரேக் டிஸ்க்கைக் கவனியுங்கள். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் டிஸ்க்கைத் தொடுவது அபூர்வம், உப்புக்காற்றில் துரு பிடிக்கும். வாரம் ஒருமுறை காலியான ரோட்டில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தால் சுத்தமாகிவிடும். வெளியூர் போய் வண்டியை இரண்டு, மூன்று வாரம் நிறுத்துவதாக இருந்தால் முழு சார்ஜில் வெயிலில் விடாமல் பாதி சார்ஜில் நிழலில் விடுங்கள், பேட்டரி ஆயுளுக்கு வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்திருப்பது ஆகாது.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்கு: பேட்டரி வாரண்டி எத்தனை வருஷம் பாக்கி என்று எழுத்தில் வாங்குங்கள், வீட்டில் ஒரு ராத்திரி முழு சார்ஜ் போடச் சொல்லி எலக்ட்ரிக்கில் எவ்வளவு தூரம் போகிறது என்று நீங்களே ஓட்டிப் பாருங்கள். அப்புறம் டிக்கியைத் திறந்து சார்ஜிங் கேபிளைக் கேளுங்கள். அது பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தால் அந்த வண்டி இத்தனை நாளும் பெரும்பாலும் பெட்ரோலிலேயே ஓடியிருக்கும், ஓடோமீட்டரில் இருக்கிற கிலோமீட்டர் அத்தனையும் என்ஜின் சுமந்தது என்று கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.