கிரவுண்டுக்கு அரசாங்கக் காசு கேக்கப் போறீங்களா? நாங்க விட்ட பிழைகளை நீங்களும் விடாதீங்க

எங்கட கிரவுண்டுக்கு ஒருக்கா நாலு ஃப்ளட்லைட் போட்டுத் தந்தாங்க. ரிப்பன் வெட்டி, பட்டாசு கொளுத்தி, பாற்சோறு குடுத்து பெரிய எடுப்பு. கம்பத்துக்குக் கீழ திறந்து வச்சவர்ட பேர் போட்ட கல்லு ஒண்டு, அது இண்டைக்கும் பளபளவெண்டு இருக்கு. லைட் எரிஞ்சது மொத்தம் ஆறு இரவு. மீட்டர் ஆருட பேர்ல எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்ல, பில் வந்த நேரம் இவங்க அவங்கள காட்ட அவங்க இவங்கள காட்ட, கடைசியா சிவப்பு நோட்டீஸ் வந்து லைனை வெட்டிட்டாங்க.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சின்ன ஃபுட்போல் கிளப்புக்கு ஒம்பது வருசம் செக்ரட்டரியா இருந்தனான். மச்சான் ஒருத்தர் பாசிக்குடாவில சின்னதா கெஸ்ட் ஹவுஸ் ஒண்டு நடத்துறார், அதால சுற்றுலாக் காசு எந்த வழியில வருது, எங்க மாட்டுப்படுது எண்டதும் கொஞ்சம் தெரியும். இப்ப ஊர் ஊரா பொடியன்கள் கோல் எடுத்து "அண்ணா, கிரவுண்டுக்கு ஃபண்ட் எடுக்கிறது எப்பிடி, டூரிஸ்ட் வரக்கூடிய மாதிரி ஒரு டோர்னமென்ட் வைக்கிறது எப்பிடி" எண்டு கேக்கிறாங்க. எப்பிடி எடுக்கிறது எண்டதை விட எங்க சறுக்கும் எண்டதுதான் எனக்கு நல்லாத் தெரியும், அதை எழுதுறன்.

முதலாவது காணி. எஸ்டிமேட், ஃபோட்டோ, கப் எடுத்த பேப்பர் கட்டிங் எல்லாம் கட்டிக்கொண்டு ஒரு ஒபிசுக்குப் போனம். அங்க இருந்த மிஸ் கண்ணாடிய மூக்கு நுனிக்கு இறக்கி, ஃபைலைக் கடைசிப் பக்கத்தில இருந்து புரட்டினா. ஃபோட்டோ பாக்கேல்ல, எஸ்டிமேட் பாக்கேல்ல. "மே இடம காகேத?" எண்டு கேட்டா, இந்தக் காணி ஆருட எண்டு. நாங்க முப்பது வருசமா இங்கதான் விளையாடுறம் மிஸ் எண்டு சொன்னம். விளையாடுறது வேற, காணி வேற எண்டு ஃபைலை மூடி எங்கட பக்கம் தள்ளிவிட்டா. எங்களுக்கு அப்ப கோவம்தான், ஆனா அவ சரி. பிறகு தேடிப் பாத்தா கிரவுண்டில பெரிய துண்டு ஒரு சபைட, கோல் போஸ்ட் நிக்கிற மூலை வேற ஒரு அரச நிறுவனத்திட. அடுத்தவன்ட காணியில அரசாங்கம் கொங்கிரீட் போடாது, போட்டா ஓடிட்ல மாட்டும். அதால எஸ்டிமேட் எடுக்க முதல் சேர்வே பிளான் எடுங்க, சொந்தக்காரரிட்ட இருந்து பாவிக்கிறதுக்கு எழுத்தில ஒரு அனுமதி எடுங்க, குத்தகையா இருந்தா இன்னும் நல்லம். இது மட்டுமே ஒரு வருசம் இழுக்கும், நான் பகிடிக்குச் சொல்லேல்ல.

அடுத்தது ஆரிட்ட கேக்கிறது. நேரா மினிஸ்டரிட்டப் போனா வேலை முடியும் எண்டு எல்லாரும் நினைக்கிறது. சுகததாச ஸ்டேடியம் மாதிரி தேசிய இடங்களுக்கு சொந்தமா ஒரு அதிகார சபையே இருக்கு, உங்கட கிராமத்து கிரவுண்ட் அந்தப் பட்டியல்ல வராது. உங்களுக்கு உரிய ஆள் பிரதேச செயலகத்தில இருக்கிற விளையாட்டு உத்தியோகத்தர், நாங்க டிஎஸ் ஒபிஸ் எண்டு சொல்ற அதே இடம்தான். கிளப்பை அங்க பதிஞ்சு வச்சிருக்கோணும், வருசா வருசம் புதுப்பிக்கோணும், அந்த நம்பர் இல்லாட்டி உங்கட லெட்டர் வெறும் கடுதாசி. அவரைத் தாண்டினா மாகாண விளையாட்டுத் திணைக்களம், அதுக்கு மேலதான் கொழும்பில இருக்கிற விளையாட்டு அபிவிருத்தித் திணைக்களமும் அமைச்சும். எம்பிமாரிட பன்முகப்படுத்தப்பட்ட நிதி, அதாவது ஒவ்வொரு எம்பிக்கும் ஊர் வேலைகளுக்கெண்டு ஒதுக்கிற காசு, வேற கதை, அது வலை, பந்து, ஜேர்சி, சின்னச் சின்ன திருத்த வேலைகளுக்குச் சரி, பெவிலியன் கட்டுறதுக்கு அதை நம்பினா அத்திவாரத்தோட நிக்கும்.

சுற்றுலாப் பக்கம் இன்னும் குழப்பம். 2005ஆம் ஆண்டு 38ஆம் இலக்க சுற்றுலாச் சட்டத்தால வந்த நாலு நிறுவனத்தில மூண்டைத்தான் எங்கட ஆக்கள் ஒண்டெண்டு நினைச்சுக் குழப்புறது. அபிவிருத்தி அதிகார சபை வசதிகள், பதிவு, தரம் பாக்கும், ஊக்குவிப்புப் பணியகம் விளம்பரம் பாக்கும், மாநாட்டுப் பணியகம் பெரிய கூட்டங்கள் நிகழ்ச்சிகளைப் பாக்கும். நாலாவது ஹோட்டல் பயிற்சி நிறுவனம், அதால எங்களுக்கு வேலையில்ல. டோர்னமென்டுக்கு வெளிநாட்டு விளம்பரம் வேணுமெண்டா ஊக்குவிப்புப் பணியகத்துக்கு எழுதோணும், கடற்கரையில டொய்லெட், உடுப்பு மாத்துற அறை வேணுமெண்டா அபிவிருத்தி அதிகார சபைக்கு எழுதோணும், மாறி எழுதினா ஒரு ஃபைல் ஒரு வருசம் மேசை மாறிக்கொண்டு திரியும். வடக்கிலயும் கிழக்கிலயும் மாகாண சுற்றுலாப் பணியகங்களும் இருக்கு, அவங்களை முதல்ல பிடிங்க. அந்த நிதி எங்கால வருதெண்டா, பதிஞ்ச ஹோட்டல்காரர் தங்கட டர்னோவரில 1 வீதம் சுற்றுலா அபிவிருத்தி வரியா கட்டுறாங்க, அதோட எயார்போர்ட்டில அறவிடுற வரியிலயும் ஒரு பங்கு. அதால உங்கட ஊரில பதிஞ்ச கெஸ்ட் ஹவுஸ்காரர் நாலு பேரை கையெழுத்து வைக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனா கதைக்கிற தொனியே மாறும், அது அவங்கட காசுதானே.

இப்ப பெரிய பிழைக்கு வாறன். கட்டினா வருவாங்க எண்ட நினைப்பு.

சூரியவெவயைப் பாருங்க. 2011 உலகக் கிண்ணத்துக்காக அம்பாந்தோட்டையில 35,000 பேர் கொள்ளக்கூடிய ஸ்டேடியம். சுத்திவர காடு, யானை, பெரிய ரோட். அதே வருசம் நவம்பரில 2018 கொமன்வெல்த் கேம்ஸை அம்பாந்தோட்டைக்கு எடுக்கப் போய் கோல்ட் கோஸ்டிட்ட 43க்கு 27 எண்டு தோத்தம். கேம்ஸ் வந்திருந்தா கதை வேற எண்டு சொல்ற ஆக்கள் இருக்கிறாங்க, எனக்கு அதில நம்பிக்கை இல்ல, ரெண்டு கிழமை கேம்ஸ் முடிஞ்ச பிறகு பதினோராவது மாசம் அங்க ஆர் போறது? மெட்ச் இல்லாத காலத்தில அந்த ஸ்டேடியத்தை கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்ட கதையும் பேப்பரில வந்தது. உலகக் கிண்ணத்துக்காக மூண்டு இடத்தில ஒரே நேரம் கட்டி, திருத்தி, கிரிக்கெட் போர்ட் கடனில விழுந்தது தனிக் கதை.

காலியை எடுங்க. அங்க ஸ்டேடியம் பெரிசா ஒண்டுமில்ல. ஆனா பக்கத்தில 1988ல யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில சேர்த்த கோட்டை, அடுத்த பக்கம் கடல், நடந்து போற தூரத்தில ரூம், சாப்பாடு. 2004 சுனாமியில அழிஞ்ச கிரவுண்டை திருத்தி 2007 டிசம்பரில இங்கிலாந்து டெஸ்டோட திரும்பத் திறந்தாங்க, வெள்ளைக்காரங்கள் மெட்ச் பாக்க வந்து ரெண்டு கிழமை நிண்டு ஊர் சுத்திப் போறாங்க. அவங்களை இழுக்கிறது ஊர், மெட்ச் ஒரு சாட்டு. தம்புள்ளயும் அப்பிடித்தான், பக்கத்தில சிகிரியா இருக்கு, 2024 ஜூலையில பெண்கள் ஆசியக் கிண்ணம் அங்க நடந்து எங்கட பெண்கள் இந்தியாவை வெண்டது ஞாபகம் இருக்கும். அறுகம்பேயில ஸ்டேடியமே இல்ல, அலைதான் ஸ்டேடியம், ஏப்ரலில இருந்து ஒக்டோபர் வரைக்கும் சர்ஃப் போர்ட் தூக்கிக்கொண்டு உலகமே வருது. உங்கட ஊரில ஏற்கனவே ஆக்கள் எதுக்கு வாறாங்க எண்டு பாத்து, அதுக்குப் பக்கத்தில விளையாட்டை ஒட்டவைக்கிறதுதான் கெட்டித்தனம்.

காலநிலை பாக்காம திகதி வைக்கிறது, இது சின்னப் பிழை மாதிரித் தெரியும். பாசிக்குடாவில ஒருக்கா டிசம்பர் லீவுக்கு பீச் வொலிபோல் வச்சாங்க. கொழும்பில டிசம்பர் நல்ல வெயில்தானே, கொழும்பில இருந்து போன ஆக்கள் அதை வச்சு பிளான் பண்ணிட்டாங்க. கிழக்கில அது வடகீழ் மழைக் காலம். நெட் கட்டின கம்பு ரெண்டும் தண்ணிக்குள்ள, வெளிநாட்டுக்காரர் ரெண்டு பேர் குடையோட, மச்சான்ட முற்றத்தில எண்பது சாப்பாட்டுப் பார்சல். மூண்டு நாள் அவங்கட வீட்டில சோறு சமைக்கேல்ல. மே முதல் செப்டம்பர் மட்டும் தென்மேல் மழை எங்கட பக்கம், நவம்பர் முதல் ஜனவரி மட்டும் அந்தப் பக்கம், இதை அமைச்சுக்கு எழுதுற முதல் பந்தியிலயே போடுங்க. கொழும்பு, காலி சீசன் முடியிற நேரம் கிழக்குத் தொடங்குது, வெற்று மாசத்தில ரூம் நிரப்புறம் எண்டு காட்டினா சுற்றுலாக்காரர் காது குடுப்பாங்க.

டூரிஸ்ட் எண்ணிக்கையைக் காட்டி காசு கேக்கிறதும் கவனம். 2018ல 23 லட்சம் பேர் வந்தாங்க, 2021ல 2 லட்சமும் இல்ல, 2024ல திரும்ப 20 லட்சத்தைத் தாண்டிட்டுது. இப்பிடி ஏறி இறங்கிற கணக்கை வச்சு பத்து வருசத்துக்கு வருமானம் போட்டு புரொப்போசல் எழுதினா, நல்ல கணக்காளர் ஒராள் ரெண்டு நிமிசத்தில கிழிச்சுப் போடுவார். உள்ளூர் ஆக்களை வச்சு கணக்குப் போடுங்க, வெளிநாட்டுக்காரர் வந்தா போனஸ்.

அரசியல்வாதியை கிளப் கமிட்டிக்குள்ள போடுறது அடுத்த வியாதி. காசு கெதியா வரும் உண்மைதான். ஆனா கட்சி மாறினா அதே ஃபைல் அடிக்குப் போகும், கிளப் அந்தாள்ட கிளப் எண்டு முத்திரை குத்துப்படும். பெரிய மட்டத்தில இது எங்க கொண்டுபோய் விடும் எண்டும் பாத்தம்: 2023 ஜனவரியில ஃபிஃபா எங்கட ஃபுட்போல் சம்மேளனத்தை இடைநிறுத்தினது, அதே வருசம் நவம்பரில ஐசிசி கிரிக்கெட்டை இடைநிறுத்தி, இங்க நடக்க இருந்த 19 வயசுக்குக் கீழ்ப்பட்ட உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போச்சு. 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டம் அமைச்சருக்கு நிறைய அதிகாரம் குடுக்குது, உலக அமைப்புகளுக்கு அது பிடிக்காது, இழுபறியில நட்டப்பட்டது விளையாடுற பிள்ளைகளும், ரூம் புக்கிங் கென்சல் ஆன ஹோட்டல்காரரும்தான். அரசியல்வாதியை மேடைக்குக் கூப்பிடுங்க, மாலை போடுங்க, செக் புக்கில கையெழுத்து மட்டும் குடுக்காதீங்க.

நேரம். வரவு செலவு நவம்பரில வாசிப்பாங்க, ஆனா எஸ்டிமேட் எல்லாம் அதுக்கு எவ்வளவோ முதல் மேல போயிடும், அதால வருச நடுப்பகுதிக்குள்ள உங்கட கோரிக்கை அங்க இருக்கோணும். கிடைச்ச காசை டிசம்பர் 31க்குள்ள செலவழிக்காட்டி திறைசேரிக்குத் திரும்பிப் போகும். நாங்க ஒருக்கா கோட்டேஷன் மூண்டு எடுக்கப் பிந்தி, நவம்பரில வேலை தொடங்கி, மழையில மண்ணைக் கொட்டி அடுத்த வருசம் முழுக்க கிரவுண்ட் வயல் மாதிரிக் கிடந்தது.

லெட்டர் தமிழில எழுதலாமோ எண்டு கேக்கிறாங்க. தாராளமா, 1987 13ஆம் திருத்தத்தோட தமிழும் அரச கரும மொழி, உரிமை. ஆனா சிங்களக் கொப்பி ஒண்டும் சேர்த்து வைங்க, உரிமைக்குச் சண்டை பிடிக்கிறது ஒரு வேலை, ஃபைலை நகர்த்துறது வேற வேலை. பதிலே வராட்டி 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் சட்டத்தின் கீழ ஒரு விண்ணப்பம் போடுங்க, 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டாவது சொல்லோணும். எங்கட ஃபைல் எந்த அலுமாரியில எண்டு எங்களுக்குத் தெரிய வந்ததே அப்பிடித்தான்.

பராமரிப்புக்கு ஒரு பக்கம் எழுதாம புரொப்போசல் குடுக்காதீங்க. புல்லு ஆர் வெட்டுறது, டொய்லெட் ஆர் கழுவுறது, தண்ணி பில், கரண்ட் பில், திறப்பு ஆரிட்ட. சிந்தெட்டிக் டிராக் கேக்கிற ஊர்காரரே, அது பத்து வருசமளவில உரிச்சுப் போட்டுத் திரும்பப் போட வேண்டிய சாமான், அந்தக் காசு எங்கால எண்டும் எழுதுங்க. 2016ல இந்தியா திருத்திக் குடுத்த யாழ்ப்பாணம் துரையப்பா ஸ்டேடியமா இருந்தாலும் சரி, இப்ப மண்டைதீவில கட்டத் தொடங்கின கிரிக்கெட் மைதானமா இருந்தாலும் சரி, நான் கேக்கிற கேள்வி அதேதான், திறந்து அஞ்சாவது வருசம் பில் ஆருக்கு வரும்.

எங்கட லைட் இப்ப கிழமைக்கு மூண்டு நாள் எரியுது. மீட்டரை கிளப்ட பேருக்கு மாத்தினம், விளையாட வாற ஒவ்வொரு டீமும் மணித்தியாலக் கணக்கில முதலே காசு வைக்கோணும், காசு தராட்டி சுவிட்ச் போடுறதில்ல, அது முன்னாள் செக்ரட்டரிக்கும் சேர்த்துத்தான். பெட்டி இருக்கிறது கன்டீன் அக்காட்ட. அவ மேசையைப் போட்டிருக்கிறது அந்தப் பேர் போட்ட கல்லுக்கு முன்னால, பிளேன்டீ கோப்பையை வைக்கிறது அதுக்கு மேல.