போக்சோ மேல்முறையீடு: குழந்தையின் அடையாளத்தை மட்டும் மறைக்கும் முறை

நீதிமன்றம் திறந்த கதவோடு நடக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 366-வது பிரிவு முதலில் சொல்வது அதைத்தான். பாலியல் வன்முறை வழக்குகளில் கதவை அடைப்பது அதற்கு விதிவிலக்கு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 37-வது பிரிவும் விசாரணையை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. ஆனால் மறைக்க வேண்டியது குழந்தையின் அடையாளம் மட்டுமே. குற்றச்சாட்டு, சட்டப்பிரிவுகள், சாட்சியத்தை நீதிபதி எடைபோட்ட விதம், தண்டனை ஆகியவை தீர்ப்பில் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

எதை மறைப்பது? போக்சோ 23-வது பிரிவு ஊடகங்களுக்காக எழுதப்பட்டது என்றாலும் நல்ல அளவுகோல்: பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டும் வேறு எதுவும். நம் பெயர்களில் முன்னெழுத்து அப்பா பெயரிலிருந்து வருகிறது. பெயரை அடித்துவிட்டு 'த/பெ' வரியை விட்டுவைத்தால் எதுவும் மறையவில்லை. மேல்முறையீட்டு மனு முழுக்கக் குழந்தையை 'அ.சா.1' (அரசுத் தரப்பு சாட்சி 1) என்று குறிப்பிடுங்கள், தாயை 'அ.சா.1-இன் தாய்' என்று. பிறந்த தேதியை நீக்கி, 'சம்பவத்தன்று 14 வயது' என்பதை வைத்திருங்கள். 18 வயதுக்குக் குறைவு என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவர் தந்தையோ தாய்மாமனோ என்றால் அவர் பெயரே குழந்தையைக் காட்டிக்கொடுக்கும். அந்த வழக்கில் மட்டும் அவர் பெயரையும் மறைக்கக் கோரி, காரணத்தை எழுதி, தனி மனு போடுங்கள். மற்ற வழக்குகளில் அதைக் கேட்காதீர்கள்.

ஆவணங்களை இரண்டு தொகுப்பாக்குங்கள். அசல் சீலிட்ட உறையில். உறையின் மேல் வழக்கு எண்ணும் 'குழந்தையின் அடையாளம் உள்ளது, பொதுப் பார்வைக்கு அல்ல' என்ற வரியும். பெயர் நீக்கிய நகல் வழக்குக் கட்டில். காவல்துறை ஆவணங்களை இப்படித்தான் கையாள வேண்டும் என்று நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. உறை பொதுமக்களிடமிருந்து அடையாளத்தைக் காப்பதற்கு. எதிர்த்தரப்பு வக்கீலிடமிருந்து சாட்சியத்தை ஒளித்தால், குற்றம் சாட்டப்பட்டவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளும் உரிமையே போய்விடும்.

பெயர் அதிகம் தப்பிப்பது இணைப்புகளில்தான். மாற்றுச் சான்றிதழில் பள்ளி முத்திரை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில் 'அழைத்து வந்தவர்' கட்டம், வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்து. பி.டி.எஃப்.பில் கறுப்புப் பட்டை போட்டால் மட்டும் போதாது: பட்டைக்கடியில் எழுத்து அப்படியே இருக்கும், காப்பி செய்து ஒட்டினால் பெயர் வந்துவிடும். பெயரை மாற்றி அச்செடுத்து, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். கோப்புக்குக் குழந்தையின் பெயரை வைக்காதீர்கள்.

பி.என்.எஸ். (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 72-வது பிரிவின் கீழ் அடையாளத்தை வெளியிட்டால் 2 ஆண்டு வரை சிறை. போக்சோ 23-வது பிரிவை மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

உத்தரவு இணையத்தில் ஏறியதும் முதல் வரியிலிருந்து படியுங்கள். கீழ்க்கோர்ட் தீர்ப்பை மேற்கோள் காட்டும் பத்தியில்தான் பெயர் திரும்ப நுழையும். கண்டால் பக்கம், வரி எண்ணோடு அன்றே கோர்ட்டில் மெமோ (எழுத்துக் குறிப்பு) கொடுத்து, அந்தப் பிரதியை எடுத்துவிட்டுத் திருத்தியதை ஏற்றும்படி கேளுங்கள்.