டர்பன் வீட்டு டிரைவ்வே: சீலர் டின் வாங்கும் முன்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் வீடு பார்க்கப் போனால் பல வீடுகளில் கேட்டைத் தாண்டியதும் கல் பாவியது போல ஒரு டிரைவ்வே, அதாவது கார் போகும் தளம், இருக்கும். கல் இல்லை, காங்கிரீட்தான். ஈரம் காய்வதற்குள் நிறப்பொடி தூவி, ரப்பர் அச்சு வைத்து அழுத்தி, கடைசியில் மேலே பளபளவென்று சீலர் அடித்திருப்பார்கள். நிறம் மங்காமலும் எண்ணெய் உள்ளே இறங்காமலும் காப்பது அந்த மெல்லிய படலம்தான். வெயிலிலும் டயரிலும் அது தேய்ந்துபோகும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டியிருக்கும்.

வாடகை வீடு என்றால் முதல் வேலை படம் எடுப்பது. 1999-ஆம் வருட வாடகை வீட்டுச் சட்டப்படி, குடிபோகும் முன்பும் காலி செய்யும்போதும் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறை எழுத வேண்டும். எல்லாரும் சமையலறையையும் குளியலறையையும் எழுதிவிட்டு டிரைவ்வேயை மறந்துவிடுகிறார்கள். முன்பு இருந்தவரின் கார் ஒழுகிய எண்ணெய்க் கறைக்கு உங்கள் டெபாசிட்டில் கை வைத்தால் அப்புறம் வாதாடுவது கஷ்டம். சொந்த வீடே ஆனாலும், காம்ப்ளெக்ஸுக்குள் இருந்தால் பாடி கார்ப்பரேட்டிடம் (வீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்த நிர்வாக அமைப்பு) கேட்காமல் நிறத்தை மாற்றாதீர்கள்.

இனி நம் வீட்டுச் சமாசாரம். புதுக் கார் வாங்கினால் வாசலிலேயே பூஜை போடுவோம், இல்லையா? டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், பூசணிக்காய்மேல் கற்பூரம், உடைத்தபின் உள்ளே குங்குமம். இதில் ஒவ்வொன்றும் இந்தத் தளத்துக்குப் பகை. எலுமிச்சைச் சாறு அமிலம், சீலர் தேய்ந்த இடத்தில் சிமெண்டையே அரிக்கும். கற்பூரத்தைத் தரையில் வைத்துக் கொளுத்தினால் சீலர் உருகிக் கருவளையம் விழும். குங்குமமும் மஞ்சளும் ஈரத்தோடு இறங்கினால் தேய்த்தாலும் போகாது. பூஜையை விடச் சொல்லவில்லை. கீழே ஒரு பழைய பலகையோ தட்டோ போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். அரிசிமாக் கோலத்தால் கெடுதல் இல்லை. கலர்ப் பொடிதான் வம்பு.

சீலர் அடிக்கும் நேரம் வந்துவிட்டதா என்று தெரிய, தளத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் காலம் இருக்கிறது. உடனே இறங்கி அந்த இடம் கறுத்தால் சீலர் போய்விட்டது.

எந்த மாதத்தில் அடிப்பது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் சறுக்குகிறார்கள். டர்பனில் மழை கோடையில் வரும், குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்டிருக்கும். அதுதான் இந்த வேலைக்கு நல்ல சமயம். ஜோஹன்னஸ்பர்க்கிலும் குளிர்காலம் வறட்சிதான், ஆனால் இரவில் உறைபனி விழும் என்பதால் வெயில் ஏறியபின்தான் ஆரம்பிக்க வேண்டும். கேப் டவுனில் எல்லாம் தலைகீழ்: மழை குளிர்காலத்தில். அங்கே கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தின்மேல் சீலர் அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். நான் பார்த்த கெட்டுப்போன டிரைவ்வேக்களில் பெரும்பாலானவை இப்படிக் கெட்டவைதான். எனவே பிரஷர் வாஷரால் கழுவியபின் இரண்டு நாளாவது காயவிடுங்கள். ஒரு முழ நீளப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் நீர் கோர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. கறை போக்கப் பூல் ஆசிட் (நீச்சல் குளத்துக்கு ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்) ஊற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். நிறம் போட்ட காங்கிரீட்டில் வேண்டாம், நிறமும் சேர்ந்து போய்விடும்.

விரிசலைச் சிமெண்ட் கலவை வைத்து அடைப்பது நம் ஊர்ப் பழக்கம். தளம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்குவதால் அந்தக் கலவை ஒரு வருடத்தில் பெயர்ந்துவிடும். ரப்பர் போல இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட்டை வைத்து, அது காய்வதற்குள் அதே நிற மணலைத் தூவினால் தையல் தெரியாது. மயிரிழை விரிசலை விட்டுவிடலாம். விரிசலின் ஒரு பக்கம் உயர்ந்திருந்தால் அடியில் மர வேரோ இறங்கிய மண்ணோ காரணமாக இருக்கும். அதைக் கவனிக்காமல் மேலே பூசிப் பயனில்லை.

பழைய சீலர் என்ன ரகம் என்று தெரியாமல் புதிதை வாங்காதீர்கள். சைலீன் என்ற பெயிண்ட் கரைப்பானில் நனைத்த பஞ்சை ஓர் ஓரத்தில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது சால்வென்ட் அக்ரிலிக் (கரைப்பானில் கரைத்த அக்ரிலிக் சீலர்), அதே ரகத்தை வாங்கலாம். லேசான வெள்ளைப் பூப்பையும் இதே சைலீனை உருளையால் தடவிப் போக்க முடியும். நெருப்புப் பிடிக்கும் சரக்கு, அருகில் பிராய் அடுப்பு (இங்கே வெளியில் இறைச்சி சுடும் அடுப்பு) எரியக் கூடாது.

பனி காய்ந்ததும் ஆரம்பித்து, தளம் சுடுவதற்குள் முடியுங்கள். கொதிக்கும் தளத்தில் அடித்தால் குமிழி எழும். மெல்லிசாக இரண்டு பூச்சு போதும், தடிமனாக ஒன்று போட்டால் வெளுக்கும், உரியும். மேட்டு நிலத்து வீடுகளில் டிரைவ்வே செங்குத்தாக இருக்கும். அங்கே இரண்டாவது பூச்சில் வழுக்காத பொடி கலக்காவிட்டால் மழை நாளில் காரோடு நீங்களும் இறங்குவீர்கள்.

ஆள் வைத்துச் செய்வதானால் கதவைத் தட்டி, பாதி விலைக்கு இன்றே முடித்துத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். பக்கத்து வீட்டு அங்கிளையோ ஆன்ட்டியையோ கேட்டால் நல்ல ஆளைச் சொல்வார்கள். 1860 முதல் இங்கே வேரூன்றிய இந்தியக் குடும்பங்கள், ஊர் முழுக்க அவர்களுக்கு ஆள் தெரியும். அவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்று தயங்காதீர்கள், ஆங்கிலத்தில் கேட்டாலும் அக்கறையாகச் சொல்வார்கள். கூலி பேசும்போது கழுவுவது, விரிசல் அடைப்பது, எத்தனை பூச்சு, எந்த ரகச் சீலர் எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள்.

முடிந்தபின் ஒரு நாள் கழித்து நடக்கலாம், காரை மூன்று நாள் வெளியே நிறுத்துங்கள். மிச்சமான சீலரை வாசல் வடிகாலில் ஊற்றாதீர்கள். மழைநீர் போகும் வழி அது, நேரே ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விடும்.