அகர், கிளிசரின், நீர்: மெல்லிய ஜெல் தகடு செய்யும் முறை

சூடேற்றும் புகையிலைக் கருவிகளில் பயன்படும் ஜெல் பொருட்களைப் பற்றிய காப்புரிமை ஆவணங்களைப் படித்தால், அவற்றின் அடிப்படை நம் சமையலறைக்கு அதிகத் தொலைவில் இல்லை என்பது விளங்கும். அகர் அல்லது அல்ஜினேட் போன்ற கடற்பாசிப் பொருள் ஒன்று, கிளிசரின், நீர் ஆகியவற்றைக் கலந்து மெல்லிய படலமாகப் பரப்பி, உலர்த்தி, கீற்றுகளாக நறுக்குகிறார்கள். பாசியின் நீண்ட மூலக்கூறுகள் வலைபோலப் பின்னிக் கிளிசரினைப் பிடித்து வைத்துக்கொள்ள, புகையிலையை எரிக்காமல் சூடாக்கும்போது அந்தக் கிளிசரின் ஆவியாகி மூடுபனி போன்ற புகையைத் தருகிறது. பொருட்களின் தன்மையை அறியும் ஆர்வத்தால் அந்த வலையை மட்டும் செய்துபார்க்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இதில் நிகோடினும் இல்லை, புகையிலையும் இல்லை. உலர்ந்த தகட்டைச் சூடாக்கி முகரவும் கூடாது, ஏனெனில் அளவுமீறிச் சூடான கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்னும் கடும் எரிச்சலூட்டும் நச்சைத் தரும்.

தேவையானவை: நீர் 250 கிராம், அகர் தூள் 5 கிராம், கிளிசரின் 5 கிராம். மூன்றையும் எடையால் அளக்க வேண்டும். கிளிசரினின் அடர்த்தி ஏறத்தாழ 1.26 என்பதால், மில்லிலிட்டரில் அளந்தால் கால் பங்கு கூடுதலாகச் சேர்ந்துவிடும். 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசும், கம்பி முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானியும் இருந்தால் போதும்; மற்றக் கருவிகளுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்ற பெயரில் விற்கும் இழைகளும் அகர்தான், ஆனால் அவை கரைய நேரம் பிடிக்கும், வலிமையும் பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். ஜெல் வலிமை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று அச்சிட்ட தூளையே நான் வாங்குகிறேன். மண்டபம், இராமேசுவரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து வரும் அகர், கஞ்சிப்பாசியிலிருந்து வருவதைவிடக் கெட்டியான ஜெல்லைத் தரும்.

முதலில், ஆறிய நீரில் அகர் தூளைத் தூவிக் கலக்கிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிநீரில் கொட்டினால் தூள் கட்டிதட்டும்; வெளிப்புறம் ஜெல்லாகி உள்ளே காய்ந்த தூள் சிக்கிக்கொள்ளும்.

பிறகு அடிகனத்த பாத்திரத்தில் மிதமான தீயில் கிளறியபடியே கொதிக்க வைக்க வேண்டும். எனக்கு நெடுநாள் தொல்லை கொடுத்த இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அகர் கரைவதற்கு 85 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும், ஆனால் கரைந்த பின் 40 பாகைக்கு அருகில் வரும்வரை அது உறையாது. ஆகவே பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி வந்தவுடன் இறக்கிவிட்டால், நடுவிலிருக்கும் கலவை கரையாமலே கரைந்ததுபோலத் தோன்றும். உலர்ந்த பிறகுதான் தகட்டில் வெண்புள்ளிகளும், தொட்டால் கிழியும் இடங்களும் தெரியவரும். முழுக் கொதி வந்த பின்னும் மூன்று நான்கு நிமிடம் கொதிக்க விட்டு, ஒரு துளியைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டுப் பாருங்கள். அது மணிமணியாகத் தெரியாமல் தெளிவாக இருந்து, ஒரு நிமிடத்துக்குள் உறைந்து, நகத்தால் நெம்பினால் ஒரே துண்டாகக் கழன்று வந்தால் அகர் கரைந்துவிட்டது என்று பொருள். மைக்ரோவேவ் அடுப்பு இந்த வேலைக்கு ஆகாது. கலவை திடீரெனப் பொங்கி வழியும், கிளறவும் வழியில்லை.

கொதியில் நீர் குறைந்திருக்கும். பாத்திரத்தைத் தொடக்கத்திலேயே எடைபோட்டு வைத்திருந்தால், குறைந்த அளவுக்கு வெந்நீர் ஊற்றி ஈடுசெய்யலாம். இதைத் தவிர்ப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வேறு தடிமனில்தான் தகடு கிடைக்கும். அடுப்பை அணைத்த பின்பே, சற்றுச் சூடாக்கிய கிளிசரினைச் சேர்த்துக் குமிழி எழாதவாறு மெதுவாகக் கலக்குங்கள். 5 கிராமுக்கு இந்த வரிசை பெரிய வேறுபாட்டைத் தராது. ஆனால் கிளிசரினைக் கூட்டிக்கொண்டே போய்க் கலவையில் பாதியாக்க நினைத்தால், அது நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு அகர் ஊறுவதைத் தடுக்கும்; அப்போது நீரில் முதலில் கரைத்தே ஆகவேண்டும்.

கலவை 65 பாகைக்கு ஆறியதும், மட்டமான இடத்தில் வைத்த 25க்கு 20 சென்டிமீட்டர் கண்ணாடித் தட்டில் ஊற்றுங்கள். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரம் நிற்கும். தட்டை முன்னதாக வெந்நீரில் கழுவிச் சூடேற்றிக்கொண்டால் ஓரங்கள் முந்தி உறைந்து மேடு தட்டாது.

உலர்த்துவதற்கு வெயில் வேண்டாம், மின்விசிறிக் காற்று போதும். வெயிலில் மேற்பரப்பு மட்டும் முதலில் சுருங்கித் தகடு வாழையிலைச் சருகுபோல் சுருண்டுவிடும். ஓரங்கள் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்வரை பிரிக்காமல், மேற்பரப்பு ஈரமற்றுப் போன பிறகு பிரித்துத் திருப்பிப் போட்டு, இரு துணிகளுக்கிடையே எடை வைத்து முடிக்கலாம். நீர் போனபின் எஞ்சுவது கிட்டத்தட்ட 10 கிராம் திடப்பொருளும் சிறிது ஈரமும்தான் என்பதால், 5 மில்லிமீட்டர் ஜெல் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான தகடாகும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்துத் தகட்டைப் பிசுபிசுப்பாக்கும். அங்கிருப்போர் கிளிசரினை 3 கிராமாகக் குறைத்து, முடிந்த தகட்டைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்.

பின்சேர்க்கை: பூஞ்சை பிடிக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். உலர்வது மூன்று நாளுக்கு மேல் நீண்டால் அது நேரும். சில துளி வினிகர் சேர்க்கலாம், ஆனால் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்போடு கொதித்தால் அகரின் சங்கிலி அறுபட்டு ஜெல் நலிந்துவிடும்.

மற்றொரு பின்சேர்க்கை: நிகோடின் திரவத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு, கூடாது என்பதே என் விடை. நிகோடின் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லும் நஞ்சு. தவிரவும், இந்தியாவின் 2019ஆம் ஆண்டு மின்னணு சிகரெட் தடைச் சட்டம் எரிக்காமல் சூடாக்கும் பொருட்களையும் உள்ளடக்கியது. அவற்றைத் தயாரிப்போருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அகருக்குப் பதிலாகச் சோடியம் அல்ஜினேட் பயன்படுத்துவோர் வரிசையை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும். அல்ஜினேட் தூள் ஆறிய நீரிலேயே கட்டிதட்டும் என்பதால், முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்குங்கள். அதற்கு அடுப்பு தேவையில்லை. பரப்பிய படலத்தின் மேல் கால்சியம் குளோரைடு கரைசலைத் தெளித்தாலே உறைந்துவிடும்.